யுகுலேலேவோடு லோக்கல் ரயிலில்: கஃபே மேடைக்கு என்ன, மொட்டைமாடிக்கு என்ன?

குரோம்பேட்டை_சிமேஜர்:

வணக்கம். டெனர் யுகுலேலே (கிட்டார் மாதிரி நாலு கம்பிச் சின்ன வாத்தியம், அதில் கொஞ்சம் பெரிய சைஸ்) வாசிக்கிறேன், உள்ளே பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) வைத்தது. அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கத்துக் கஃபேக்களில் ஓபன் மைக் இருந்தால் போவேன். மற்ற நாட்களில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் நாலைந்து பேர் கூடிச் சும்மா பாடுவோம். பெரும்பாலும் லோக்கல் ரயில்தான், சில நாள் ஆக்டிவா.

பிரச்சினை சாமான்கள். யூக்குடன் வந்த மெல்லிய பைதான் என்னிடம் இருக்கிறது. அதன் முன் பாக்கெட்டில் கேபிள், கேப்போ (நெக்கில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி), பாட்டு நோட்டு, பவர் பேங்க் எல்லாவற்றையும் திணித்தால் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இதுபோகச் சின்ன ஆம்ப், மடக்கு ஸ்டாண்ட். சாயங்காலக் கூட்டத்தில் ஏறிக் கோடம்பாக்கத்தில் இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிறது. ஹார்ட் கேஸ் வாங்கலாமா? நீங்கள் எல்லாம் எதை எடுத்துப் போகிறீர்கள், எதை வீட்டில் விட்டுவிடுவீர்கள்? ஜனவரியில் கோவையில் பெரியப்பா மகளின் ரிசெப்ஷனில் வேறு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மரப்பெட்டி:

யோசிக்கவே வேண்டாம், ஹார்ட் கேஸ் வாங்கிவிடுங்கள். என்னுடைய கான்செர்ட் சைஸ் யூக் அதில்தான் இருக்கிறது. கார் டிக்கியில் போட்டு மூடினால் நிம்மதி. நல்ல வாத்தியத்துக்குச் செலவழித்துவிட்டு உறைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

திருவான்மியூர்_டெனர்:

தம்பி, கார் வைத்திருப்பவருக்கு ஹார்ட் கேஸ் சரி. சாயங்கால லோக்கலில் நின்றுகொண்டு போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டெனருக்கான மரக் கேஸ் காலியாகவே இரண்டு கிலோ பக்கம் வரும், ஒரு கையை முழுசாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு கையால் மேலே பிடித்துக்கொண்டால் இறங்கும்போது கூட்டத்தை விலக்கக் கை இருக்காது. உங்களுக்குப் பொருத்தம் ஃபோம் கேஸ். வெளியே துணி, உள்ளே கெட்டி ஃபோம், முதுகில் மாட்ட இரண்டு பட்டை. எடையும் மரக் கேஸைவிட ரொம்பக் குறைவு. வாங்கும்போது உங்கள் யூக்கைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். நெக்குக்கு (நீண்ட கழுத்துப் பகுதி) அடியில் தாங்கல் இருக்க வேண்டும், ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனிங் கட்டைகள் இருக்கும் தலைப்பகுதி) பின்பக்கம் எதிலும் படாமல் நிற்க வேண்டும். கேஸ் மல்லாக்க விழுந்தால் நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில்தான் மரம் முறியும். (மரப்பெட்டி சார், டிக்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியை நெருங்கும். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையை ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும். எவ்வளவு நல்ல கேஸும் அதைத் தடுக்காது.)

கேஸைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உங்களைப் படுத்துவது யுகுலேலே இல்லை, அதன் பரிவாரம். டெனர் யூக் ஒரு கிலோகூட வராது. ஆம்ப், ஸ்டாண்ட், கேபிள், நோட்டு, பவர் பேங்க் எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. அதனால் நான் கண்டிப்பாக வைத்திருக்கும் வழக்கம் இது: யூக் பையில் யூக் மட்டும். கூட ஒரு பருத்தித் துணி. மற்றதெல்லாம் தனிப் பை.

காரணம் சொல்கிறேன். பையை மூடிப் படுக்க வைத்து முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள், அது நேராகப் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும். அங்கே கேப்போவும் பவர் பேங்கும் இருந்து, பின்னால் ஒருவர் சாய்ந்தால் அத்தனை அழுத்தமும் மேல் பலகையில் இறங்கும். அந்தப் பலகை இரண்டு மில்லிமீட்டர் பக்கம்தான் தடிமன். சத்தம் வருவதே அது மெல்லிசாக இருப்பதால்தான். கிளிப் ட்யூனரையும் (சுருதி காட்டும் கருவி) ஹெட்ஸ்டாக்கில் மாட்டியபடியே ஜிப்பை மூடாதீர்கள், ட்யூனரின் கழுத்து ஒடியும்.

தனிப் பை என்பது பெரிய விஷயம் இல்லை. என்னுடையது பென்சில் பவுச்சைவிடக் கொஞ்சம் பெரிய காடாத்துணிப் பை. உள்ளே கேபிள், ட்யூனர், அதற்கான சிஆர்2032 பட்டன் செல், ப்ரீஆம்புக்கு (பிக்கப் சிக்னலை உயர்த்தும் சர்க்யூட்) ஒரு 9 வோல்ட் பேட்டரி, நகவெட்டி, கறுப்பு டேப், துணி காயப்போடும் கிளிப் கொஞ்சம். 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால் சாவியோ சில்லறையோ பட்டால் ஷார்ட் ஆகிச் சூடாகும், ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பட்டன் செல்லை அட்டையிலிருந்து பிரிக்கவே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. வாசித்துவிட்டு வந்ததும் இந்தப் பையைக் கொட்டிக் கலைக்க மாட்டேன். அப்படியே ஆணியில் தொங்கும். எதையாவது எடுத்துச் செலவழித்தால் மறுநாளே வாங்கிப் போட்டுவிடுவேன். கிளம்பும்போது யோசிக்க எதுவும் இருக்கக் கூடாது, அதுதான் இதன் பலன்.

கேபிள் கஃபேக்கு மூன்று மீட்டர் தாராளம். யூக் பக்கம் எல் வடிவ ஜாக் இருக்கிற மாதிரி வாங்குங்கள். நம் வாத்தியத்தில் ஜாக் அடிப்பக்கம் இருக்கிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது நேர் ஜாக் தொடையில் முட்டி நெம்பும், வெளி நட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்த நட்டை அப்படியே திருகி இறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும், பற்றவைத்த ஒயர் முறுகி அறுந்துபோகும். சவுண்ட் ஹோல் வழியாக விரலை விட்டு உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே இறுக்க வேண்டும்.

கஃபேக்குப் போவதற்கு முன்தினம் ஒரு போன் போட்டு மிக்ஸர் இருக்கிறதா, டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) இருக்கிறதா, மைக் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓபன் மைக் நடத்துகிற இடம் என்றால் மிக்ஸரும் ஸ்பீக்கரும் அனேகமாக இருக்கும். அப்படியானால் ஆம்ப் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் சுமையில் பாதி அந்த ஒரு போனில் இறங்கிவிடும்.

உதிரி ஸ்ட்ரிங் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறு அபிப்பிராயம். புது நைலான் ஸ்ட்ரிங்கோ ஃப்ளோரோகார்பன் ஸ்ட்ரிங்கோ மாட்டினால் நீண்டு நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், நிலைக்கச் சில நாள் ஆகும். மேடையில் அறுந்தபிறகு மாட்டினால் அன்றைக்கு அது உங்களுக்கு உதவாது. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடியே பழையதைப் பாருங்கள். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) படும் இடத்தில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அப்போதே மாற்றுங்கள். லோ ஜி (ஜி கம்பியை ஒரு ஸ்தாயி கீழே வைக்கும் தடித்த கம்பி) போட்டிருந்தால் அந்தச் சுற்றுக் கம்பிதான் முதலில் போகும், சுற்று பிரிந்து வெள்ளையாக நூல் தெரியும். காசு வாங்கிக்கொண்டு வாசிக்கிற நிகழ்ச்சி என்றால் உதிரி ஸ்ட்ரிங்குக்குப் பதில் உதிரி யூக்காக ஒரு சொப்ரானோ (டெனரைவிடச் சின்ன சைஸ்) கொண்டுபோவேன். அரை கிலோகூட வராது, சுருதி கலையாமல் தயாராக இருக்கும்.

மொட்டைமாடிக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். யூக், நோட்டு, துணி கிளிப். காற்றில் பக்கம் புரளும், கிளிப் இல்லாவிட்டால் ஒரு பாட்டைக்கூட முழுசாகப் பார்த்துப் பாட முடியாது. போன் திரையில் வரி பார்த்தால் ஒருவருக்குத்தான் தெரியும். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்த தாளை நடுவில் வைத்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பாடுவார்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்கு என்றால் நல்ல டெனரை எடுத்துப் போகாதீர்கள். உப்புக் காற்று ட்யூனிங் கட்டையின் பல்சக்கரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், மணல் புகுந்தால் திருகும்போது நறநறக்கும். பிளாஸ்டிக் உடல் சொப்ரானோக்கள் கிடைக்கின்றன, கலாவின் வாட்டர்மேன் அந்த வகைதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தை "நான் ஒரு தடவை" என்று கை நீட்டும்போது தயங்காமல் கொடுக்க முடியும். அதற்காகவே அந்த வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1879இல் மடீரா தீவிலிருந்து ராவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய் போனவர்களோடுதான் இதன் மூதாதையான சின்ன வாத்தியம் ஹொனலுலுவில் இறங்கியது. அந்தக் கப்பலில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள்தான் பிற்பாடு அங்கே யுகுலேலே செய்ய ஆரம்பித்தார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் கூடவே கொண்டுபோன வாத்தியத்தின் வழிவந்தது இது. அதற்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்க எனக்கு மனசு வராது.

மிக்ஸர்_பக்கம்:

கல்யாணம், கஃபே இரண்டுக்கும் சவுண்ட் பார்க்கிறேன். அக்கா சொன்ன டிஐ பாக்ஸில் ஒரு விஷயம். உங்கள் பிக்கப் பாசிவ் பீசோ (பேட்டரி இல்லாமல் அதிர்வை எடுக்கும் வகை) என்றால் அதை நேராக மிக்ஸர் லைனில் சொருகினால் கனமான கீழ் ஒலி இல்லாமல் தகர டப்பா மாதிரி வரும். அதற்கு ஒரு மெகாஓம் அளவாவது இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் கருவி காட்டும் எதிர்ப்பு) வேண்டும். பல இடங்களில் கிடப்பது கீபோர்டுக்கான பாசிவ் டிஐ, அது போதாது. பெடல் சைஸில் ஒரு ப்ரீஆம்ப் டிஐயோ ஆக்டிவ் டிஐயோ சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டிவ் டிஐக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) வேண்டும், இல்லையென்றால் பேட்டரியில் ஓடுகிற மாடலாகப் பாருங்கள். ஸ்டாண்டை விடுங்கள், ஆம்பை விடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.

உங்கள் பிக்கப் ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளே இருக்கும் வகை) என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஜாக் சொருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் ஆனில்தான் இருக்கும். மத்தியானம் சவுண்ட் செக் முடித்துக் கேபிளோடு சாத்தி வைத்தால் ராத்திரி வரை பேட்டரி தின்னும். கேபிளைப் பிடுங்கும்போது எங்களுக்கு ஒரு சைகை காட்டுங்கள், மியூட் செய்துகொள்வோம்.

குரோம்பேட்டை_சிமேஜர்:

ரொம்ப நன்றி. பக்கவாட்டில் வால்யூம் திருகு, பேட்டரிப் பெட்டி எதுவும் இல்லை. அப்போ பாசிவ்தானே? அக்கா, இன்னும் இரண்டு சந்தேகம். ஆக்டிவாவில் போகும்போது மழை வந்தால் என்ன செய்வீர்கள்? கோவைக்கு விமானமா, ரயிலா?

திருவான்மியூர்_டெனர்:

அனேகமாகப் பாசிவ்தான். ஆனாலும் சவுண்ட் ஹோல் ஓரத்தில் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். சில மாடல்களில் வால்யூம் திருகு அங்கே ஒளிந்திருக்கும், பேட்டரி உள்ளே ஒட்டியிருக்கும்.

ஆக்டிவாவில் யூக் முதுகில்தான், இரண்டு பட்டையும் போட்டு. முன்னால் இருக்கும் கொக்கியில் மாட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் முழங்காலில் இடிக்கும். பட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் பையைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கும்போது ஹெல்மெட் ஹெட்ஸ்டாக்கில் மோதும். சீட்டுக்கு அடியில் எஞ்சின் சூடு ஏறும், அங்கே பேட்டரிப் பை வேண்டாம். மழைக்குக் கறுப்புக் குப்பைப் பை பெரிய சைஸில் ஒன்று மடித்து வைத்திருப்பேன். வாய்ப்பக்கம் கீழே வருகிற மாதிரி மேலேயிருந்து கவிழ்க்க வேண்டும். ஃபோம் கேஸின் ஜிப் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும், துணி நனைவதைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் யூக்கை வெளியே எடுத்துவிட்டுக் கேஸைத் திறந்தபடி ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

கோவைக்கு ரயில். உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 55 சென்டிமீட்டர் நீளம், 7 கிலோ எடை என்று வைத்திருக்கிறார்கள். டெனர் யூக்கே 66 சென்டிமீட்டர், கேஸோடு 70ஐத் தாண்டும். உள்ளே விடுவார்களா என்பது அன்றைக்குக் கவுண்டரில் இருப்பவர் கையில் இருக்கிறது. செக்-இன் செய்யச் சொன்னால் ஃபோம் கேஸ் தாங்காது. அந்த ஒரு பயணத்துக்கு மரப்பெட்டி சார் சொன்ன ஹார்ட் கேஸ்தான் சரி, ரயில் என்றால் அது தேவையில்லை. சேரன் எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த் போடுங்கள், யூக்கைத் தலைமாட்டில் சுவரோரம் படுக்க வையுங்கள். லோயர் பெர்த்துக்கு அடியில் தள்ளினால் அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவர் சூட்கேஸால் இடித்து உள்ளே தள்ளுவார். பகல் ரயிலில் மேல் தட்டில் வைத்தாலும் பக்கத்திலேயே இருங்கள், யாராவது அதன்மேல் ட்ராலியை ஏற்றிவிடுவார்கள்.

ஜனவரியில் கோவைக் காற்று நம் ஊரைவிட வறண்டது, மண்டபத்தில் ஏசி வேறு. அரை மணி முன்னாடியே பையிலிருந்து எடுத்து அந்த இடத்திலேயே வைத்திருந்து, அப்புறம் சுருதி சேருங்கள். மேடைக்குப் பின்னால் சாத்தி மட்டும் வைக்காதீர்கள். பூ அலங்காரத்துக்குத் தண்ணீர் தெளிப்பவரும் வீடியோ லைட் ஸ்டாண்டை இழுப்பவரும் அந்த வழியாகத்தான் போவார்கள். உங்கள் முறை வரும்வரை சொந்தக்காரப் பெண் யாராவது மடியில் வைத்திருக்கட்டும்.