தொண்டையில் ஸ்ட்ரெப்: காய்ச்சல் விட்டபின் அமாக்சிசிலினை நிறுத்தலாமா?

கேள்வி: பையனுக்கு 7 வயது, 20 கிலோ. காய்ச்சல் 102, டான்சிலில் வெள்ளைத் திட்டு, இருமல் இல்லை. ஸ்வாப் டெஸ்டில் ஸ்ட்ரெப் ஏ (தொண்டையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) பாசிட்டிவ். அமாக்சிசிலின் சிரப் (5 மி.லி.யில் 250 மி.கி.) 10 மி.லி. வீதம் இரு வேளை, 10 நாள். மூன்றாம் நாளே ஓடியாடுகிறான். நிறுத்தலாமா? அசித்ரோமைசின் மூன்று நாள் போதும் என்கிறார்களே? ஏஎஸ்ஓ டெஸ்ட் (ஸ்ட்ரெப்புக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளப்பது) வேண்டுமா?

பதில் 1: நிறுத்தாதீங்க. இந்தத் தொண்டைவலி மருந்தே இல்லாவிட்டாலும் நாலைந்து நாளில் போய்விடும். 10 நாள் கொடுப்பது இதயத்துக்காக. கிருமியின் மேலுள்ள எம் புரதத்தை எதிர்க்க உருவாகும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கும்; அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். அதைத் தடுக்க, கிருமி தொண்டையிலிருந்து முழுசாக ஒழிய வேண்டும்.

நடைமுறையில் கோளாறு பாட்டிலில்தான். ஒரு நாளைக்கு 20 மி.லி. என்றால் 60 மி.லி. பாட்டில் மூன்றே நாளில் காலி. காய்ச்சலும் விட்டிருக்கும், அத்தோடு கோர்ஸ் முடிந்ததாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு மொத்தம் 200 மி.லி., அதாவது நாலு பாட்டில். எல்லாப் பாட்டில் பொடியிலும் ஒரேயடியாகத் தண்ணீர் கலக்காதீங்க; கலந்த மருந்துக்கு லேபிளில் போட்ட நாள்தான் ஆயுள். சமையல் ஸ்பூன் வேண்டாம், அளவு மூடியில் ஊற்றுங்க.

பதில் 2: அசித்ரோமைசின், பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு (அமாக்சிசிலினும் பென்சிலின் வகைதான்). அப்போதும் கிலோவுக்கு 12 மி.கி., 5 நாள். மூன்று நாள் கணக்கு இங்கே செல்லாது. இந்தக் கிருமி அசித்ரோமைசினுக்கு மசியாமல் போவதுண்டு, பென்சிலினுக்கு அப்படி ஆனதில்லை. 10 நாள் சிரப் சாத்தியமில்லை என்றால் டாக்டரிடம் பென்சாத்தின் பென்சிலின் ஊசி கேளுங்கள்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், தசையில் ஒரே ஊசி. நன்றாகவே வலிக்கும்.

பதில் 3: ஏஎஸ்ஓ இப்போது வீண்செலவு. தொற்று வந்து ஒரு வாரம் கழித்தே ஏறத் தொடங்கி, 3 முதல் 5 வாரத்தில் உச்சம் தொடும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய தொற்றாலும் கூடியிருக்கும். 400 என்று வந்த காகிதத்தை மட்டும் வைத்து, ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுகட்டி 21 நாளுக்கொரு பென்சிலின் ஊசி தொடங்குவது தப்பு.

கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே காட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகம். சிறுநீர்ப் பரிசோதனையும் பிபியும் உடனே பார்க்கணும். கோர்ஸ் முழுக்கக் கொடுத்தாலும் இந்தச் சிறுநீரகக் கோளாறு வராது என்று சொல்ல முடியாது.

கேட்டவர்: நன்றி. ஸ்கூலுக்கு? தங்கைக்கும் டெஸ்ட் வேண்டுமா?

பதில் 1: மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் இல்லை என்றால் அனுப்பலாம். தங்கைக்குத் தொண்டைவலியோ காய்ச்சலோ வந்தால் மட்டும் டெஸ்ட். தம்ளரைத் தனியாக வையுங்க.