மறு: ஹாட் ஸ்பாட் – சூட்டுப்புள்ளியா, வேறு சொல்லா?

குழுவினர்க்கு வணக்கம்.

வீட்டு மின்பாதுகாப்புக் கையேட்டில், மேற்பரப்பின் சூட்டை நிறங்களாகக் காட்டும் தெர்மல் கேமரா பற்றிய அதிகாரத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'ஹாட் ஸ்பாட்' வருமிடமெல்லாம் 'சூட்டுப்புள்ளி' என்று வைத்தாயிற்று. 'தெர்மல் அனாமலி' (சுற்றுப்புறத்திலிருந்து வெப்பநிலையால் வேறுபட்டுத் தெரியும் இடம்) என்ற இடத்தில்தான் இடிக்கிறது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் கசிந்தால் ஈரம் ஆவியாகி அந்த இடம் குளிரும்; படத்தில் சுற்றுச்சுவரைவிட 1 முதல் 3 டிகிரி தாழ்ந்து தெரியும். அதைச் சூட்டுப்புள்ளி என்று எப்படி எழுதுவது? வெப்பக் கோளாறு, வெப்பப் பிறழ்வு, வெப்ப முரண் என்று மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. எது சரி?

- - -

> வெப்பக் கோளாறு

இதை முதலில் தள்ளிவிடுங்கள். கேமரா காட்டுவது மேற்பரப்பின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டும். அது கோளாறா இல்லையா என்பது பார்க்கிறவர் தீர்மானிக்க வேண்டியது. எம்சிபிக்குள் (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கும் ஈருலோகப் பட்டை மின்னோட்டத்தால் சூடாவதுதான் அதன் வேலை. டிம்மர், சார்ஜர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் இயல்பாகவே வெதுவெதுப்பாக இருக்கும். படத்தைப் பார்த்ததும் 'கோளாறு' என்று எழுதிவிட்டால், நல்ல எம்சிபியைக் கழற்றி எறிவார்கள்.

கோளாறு என்று எப்போது சொல்லலாம்? ஒரே வகை, ஒரே அளவு சுமை ஏந்தும் இரண்டு டெர்மினல்களை (ஒயரை ஸ்க்ரூவால் இறுக்கும் இணைப்பிடங்கள்) அருகருகே ஒப்பிட வேண்டும். 1 முதல் 3 டிகிரி வேறுபாடு இருந்தால் கவனித்து வரலாம். 4 முதல் 15 வரை போனால் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். 15ஐத் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டியது. மின்பராமரிப்பில் பழகிய அளவுகோல் இது.

சூடு பரவியிருக்கும் விதமும் முக்கியம். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் உச்சமாகி, ஒயர் நெடுகப் போகப்போகத் தணிந்தால் அது லூஸ் கனெக்‌ஷன். ஒயர் முழுக்க ஒரே சூடாக இருந்தால் ஓவர்லோடு. அங்கே ஸ்க்ரூவை முறுக்கிப் பயனில்லை, சுமையைப் பிரிக்க வேண்டும்.

சுமை இல்லாமல் எடுத்த படத்தால் ஒன்றும் தெரியாது. குறைந்தது 40 விழுக்காடு சுமை ஏற்றி, கால் மணி முதல் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகே எடுக்க வேண்டும். இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், 8 ஆம்பியரில் 6 டிகிரி மட்டும் உயர்ந்த இணைப்பு 16 ஆம்பியரில் ஏறத்தாழ 24 டிகிரி உயரும். "கொஞ்சம்தானே சூடு" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ஒயர்மேல் இருக்கும் சாதாரண பிவிசி காப்பின் வரம்பே 70 டிகிரி.

- - -

'பிறழ்வு', 'முரண்' இரண்டும் மரபியலிலும் தருக்கத்திலும் வேறு பொருளில் ஊன்றிவிட்டவை. ஏணியில் நிற்கும் எலெக்ட்ரீசியன் "இங்க ஒரு வெப்ப முரண் இருக்கு" என்று சொல்லப்போவதும் இல்லை.

தமிழில் தட்பம், வெப்பம் என்று இணைச்சொல்லே இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் என்ன? சூடாகத் தெரிவது வெப்பத்திட்டு, குளிர்ந்து தெரிவது தட்பத்திட்டு, இரண்டுக்கும் பொதுவாகத் 'திட்டு'. மணல்திட்டு, தோலில் வெள்ளைத்திட்டு என்று சொல்லும்போது, சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும் பரப்பு என்பது விளங்குகிறது. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை. முந்தைய மடல் கேட்பதும் அதைத்தானே?

- - -

திட்டு என்றால் வசவும்தான். "சுவரில் திட்டு" என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் நினைவில் நிற்கும்.

'புள்ளி'யை விடுவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. கிடைமட்டத்தில் 160 பிக்சல், 57 டிகிரி பார்வை கொண்ட மலிவுக் கேமராவில், 1 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரை அடைக்கும். நம்பகமான அளவுக்கு 3க்கு 3 பிக்சலாவது வேண்டும் என்றால் சுமார் 2 சென்டிமீட்டர். ஸ்க்ரூவின் தலை அதைவிடச் சிறியது. 1 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஸ்க்ரூவின் சூடும் பக்கத்து பிளாஸ்டிக்கின் சூடும் கலந்த சராசரிதான் திரையில் வரும், உண்மையைவிடக் குறைவாக. 'புள்ளி' என்ற சொல் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது.

கூடவே இன்னொரு சொல்லும் தேவை. பளபளக்கும் செம்புப் பட்டை, ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ் இவற்றில் தெரியும் சூடு பெரும்பாலும் எதிரே நிற்பவரின் உடற்சூடு. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். கோணத்தை மாற்றிப் பார்ப்பதே சோதனை. இதற்குப் போலித்திட்டு என்று வைக்கலாம்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பளபளக்கும் செம்பு உண்மையிலேயே 90 டிகிரியில் இருந்தாலும் படத்தில் குளிர்ந்தே தெரியும். அதன் எமிசிவிட்டி (வெப்பத்தைக் கதிராக உமிழும் அளவு) 0.1க்கும் கீழே, கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு 0.95 அளவில். அதனால் உலோகத்தில் குறிவைக்காமல், அதை ஒட்டிய ஒயர்க் காப்பின் மேல் குறிவைத்துப் படிக்க வேண்டும். டேப் ஒட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே ஒட்டலாம்.

- - -

எமிசிவிட்டியை 'உமிழ்திறன்' என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அதிகாரத்திலேயே 'திறன்' வாட் கணக்குக்கு வருகிறது, எமிசிவிட்டிக்கோ அலகே கிடையாது. அதே வெப்பநிலையில் முழுக் கரும்பொருள் உமிழ்வதில் எத்தனை பங்கு என்பதுதான் அது. உமிழ்விகிதம் நேராக இருக்கிறது.

> சூடாகத் தெரிவது வெப்பத்திட்டு

ஏற்கிறேன், ஆனால் வரையறையில் 'சிவப்பு' என்ற சொல் தலைகாட்டக் கூடாது. கேமரா தானியங்கி அளவில் இருந்தால் படச்சட்டத்துக்குள் இருக்கும் மிகக் குறைந்த சூட்டுக்கு நீலமும் மிக அதிகச் சூட்டுக்குச் சிவப்பும் தானாகப் பூசிவிடும். 27க்கும் 29க்கும் இடையிலான 2 டிகிரிகூட எரிமலை போலத் தெரியும். கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் பூட்டிவிட்டு எடுத்தால்தான் இரண்டு படங்களை ஒப்பிட முடியும்.

தட்பத்திட்டுக்கும் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ஏசி காற்று படும் இடம், குளிர்ந்த நீர்க்குழாய் ஓடும் தடம், உள்ளே இருக்கும் கான்கிரீட் தூண் எல்லாமே குளிர்ந்து தெரியும். ஊசி வைத்த ஈரமானியால் குத்திப் பார்க்காமல் கசிவு என்று எழுதக் கூடாது. அந்த இடத்தில் மறைவான ஒயர் போகவில்லை என்று தெரிந்துகொண்டு குத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மழைநாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் நின்று திட்டே மறைந்துவிடும். படத்தில் இல்லை என்பதால் சுவர் காய்ந்துவிட்டது என்று ஆகாது.

- - -

தொகுத்த வரையறைகள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

*திட்டு*: வெப்பப் படத்தில், ஒத்த பொருளும் ஒத்த சுமையும் உள்ள சுற்றுப்பகுதியிலிருந்து வெப்பநிலையால் வேறுபட்டுத் தெரியும் பரப்பு. உயர்ந்திருந்தால் வெப்பத்திட்டு, தாழ்ந்திருந்தால் தட்பத்திட்டு.

*போலித்திட்டு*: எதிரொளிப்பால் தோன்றி, பார்க்கும் கோணம் மாறும்போது இடம் மாறுவது.

*உமிழ்விகிதம்*: 0 முதல் 1 வரை.

'சுவரை ஊடுருவிப் பார்க்கும் கேமரா' என்ற அதிகாரத் தலைப்பை நீக்கியாயிற்று. எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸின் மூடியைக்கூட அது ஊடுருவாது. மூடியின் மேல் 5 டிகிரி கூடுதலாகத் தெரிந்தால் உள்ளே இணைப்பு எத்தனை டிகிரியில் இருக்கிறதோ, திறந்து பார்த்தால்தான் தெரியும். திறப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியன் வேலை.

சமையல் எரிவாயுக் கசிவும் இந்தக் கேமராவில் தெரியாது. 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் இயங்கும் வீட்டுக் கேமராக்கள் அதற்கானவை அல்ல, அதற்கு 3.2 முதல் 3.4 மைக்ரான் பட்டையில் வடிகட்டி வைத்த, குளிரூட்டிய உணரி கொண்ட தனிக் கருவி வேண்டும். அதைத் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கருவிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.