புதுப்பிப்பு: கஞ்சமலை அடிவாரத்துக் கற்கள் எவை என்று தெரிந்துவிட்டது

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் அடிவாரத்து ஓடையில் கிடைத்த கருப்பு வெள்ளை வரிக்கல்லையும் சிவப்புப் புள்ளிகள் கொண்ட கருங்கல்லையும் படமெடுத்து, இவை என்னவென்று முன்பு கேட்டிருந்தேன். நண்பர்கள் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்ததில் இரண்டுமே தெளிவாகிவிட்டன.

வரிக்கல்லின் கரிய பட்டைகளில் காந்தம் பட்டென்று ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைப் பட்டைகளில் ஒட்டுவதில்லை. பீங்கான் ஓட்டின் பளபளப்பில்லாத பின்புறத்தில் கரிய பகுதியை அழுத்தித் தேய்த்தபோது கருப்புக் கோடு விழுந்தது. ஹேமடைட் என்னும் மற்றோர் இரும்புத் தாதுவாக இருந்திருந்தால் கோடு செம்பழுப்பாக விழுந்திருக்கும் என்பதால், இது மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவே. இடையிலுள்ள வெள்ளைப் பட்டைகள் குவார்ட்ஸ் என்னும் படிகக் கனிமம். இவை இரண்டும் சேர்ந்த இந்த மேக்னடைட் குவார்ட்சைட் பாறைக்குக் கஞ்சமலை நெடுங்காலமாகப் பெயர்பெற்றது.

மற்றக் கல்லின் சிவப்பு மணிகளை மாணிக்கம் என்று சிலர் கருதினர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவை ஒயின் நிறத்தில், பிளவுத்தளம் (தட்டையாகப் பிளக்கும் தளம்) ஏதுமின்றி, உருண்டை மணிகளாகத் தெரிகின்றன. கத்தி முனையால் கீறினால் கீறல் விழவில்லை, ஆனால் குவார்ட்ஸை அவற்றால் எளிதில் கீறவும் முடியவில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் மாணிக்கத்தின் கடினத்தன்மை 9, குவார்ட்ஸின் கடினத்தன்மை 7 என்பதால், மாணிக்கமாக இருந்தால் குவார்ட்ஸில் ஆழமான கீறல் விழுந்திருக்கும். எனவே இவை கார்னெட் என்னும் கனிமம் என்ற முடிவே பொருந்துகிறது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் நிறைந்த இப்பகுதியில் அது இயல்பாகக் கிடைப்பதுதான்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கல்லெடுப்பது குற்றமாகும் என்பதால், அங்கே செல்வோர் காந்தத்தையும் லென்ஸையும் உடன் கொண்டுசென்று, கல்லைக் கிடந்த இடத்திலேயே சோதித்துப் படமெடுத்துக்கொள்ளலாம்.