வரியடுக்கியும் சட்டகமாற்றியும்: பழைய கணினிகளைப் புதிய திரையில் இணைக்கும் பலகைகளுக்குப் பெயர்

வணக்கம்.

1980களின் வீட்டுக் கணினிகளை இன்றைய திரைகளில் இணைக்க உதவும் பலகைகளுக்குக் ‘காணொளி மாற்றி’ என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. காணொளி என்பது இன்றைய வழக்கில் பதிவுசெய்த படத்தையே குறிக்கிறது. காணொளி மாற்றி என்று கேட்பவர், கைப்பேசியில் எடுத்த படத்தை வேறொரு கோப்பு வடிவத்துக்கு மாற்றும் செயலியைத்தான் நினைத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை, தம்முள் வேறுபட்ட மூன்று வேலைகளை அந்தப் பெயர் ஒரே போர்வையில் மூடிவிடுவது. காசு கொடுத்துப் பலகை வாங்கியவர், படம் ஏன் விட்டுவிட்டு நகர்கிறது என்று பிறகு குழம்புவதற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

பெயருக்கு முன் பொருளைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ, 1982-இன் கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 1987-இன் அமிகா 500 ஆகியவை அக்காலத் தொலைக்காட்சியின் கணக்குக்கு இசைய வடிவமைக்கப்பட்டவை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் படம் வரி வரியாகத் தீட்டப்படும்: வினாடிக்கு 15,625 வரிகள், அதாவது ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. 1987-இல் அறிமுகமான விஜிஏ என்னும் கணினித்திரை முறை இதை ஏறக்குறைய இரட்டித்து 31.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 31,500 வரிகள் ஆக்கியது. அதன் வழிவந்த கணினித்திரைகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழான வீதத்தைக் கண்டால் ‘வரம்புக்கு வெளியே’ என்று அறிவித்து இருண்டுவிடும்.

வீதம் மட்டும் சிக்கல் என்றால் எளிதாக முடிந்திருக்கும். பால் முறையில் 625 வரிகளும் ஒரே மூச்சில் வருவதில்லை. ஒற்றை வரிகள் ஒரு முறையும் இரட்டை வரிகள் மறுமுறையுமாக, 312½ வரிகள் கொண்ட இரண்டு பாதிகளாக வரும். அந்த அரை வரிதான் இரண்டாம் பாதியை முதற்பாதியின் இடைவெளிகளில் கொண்டுபோய் அமர்த்துகிறது. ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64-உம் அந்த அரை வரியை விட்டுவிட்டு 312 முழு வரிகளை அனுப்புகின்றன. எனவே ஒவ்வொரு முறையும் படம் அதே வரிகளின் மேலேயே விழுகிறது. பழைய தொலைக்காட்சி இதைப் பொருட்படுத்தவில்லை. மலிவான மாற்றுப் பலகையோ, வந்தவை இரண்டு பாதிகள் என்று கருதி, அடுத்தடுத்த இரு முழுப் படங்களைப் பின்னி ஒன்றாக்கிவிடுகிறது. நகரும் உருவங்களின் ஓரம் பிசிறடிக்கிறது. ஒரு படம் விட்டு ஒரு படம் வரைந்து நிழலைப் பாதி ஒளிபுகுவதாகக் காட்டும் விளையாட்டுகளில், நிழல் கோடு கோடாக உறைந்து நிற்கிறது.

இந்த அடித்தளச் செயலுக்கு, அதாவது திரையில் வரி வரியாகப் படம் தீட்டப்படுவதற்கு, ‘வருடல்’ என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைத்தனர். வருடி என்பது தாளை வைத்துப் படியெடுக்கும் கருவியின் பெயராக நிலைத்துவிட்டது. வருடலில் மென்மையும் மெதுவும் கலந்திருக்கின்றன. மின்னணுக்கற்றை இடமிருந்து வலமாக ஓடி, சட்டெனத் திரும்பி, அடுத்த வரியில் மீண்டும் ஓடுவதற்கு ‘அலகிடல்’ என்ற சொல்லே பொருத்தம். கோயில் தரையைப் பெருக்குவதைத் தேவாரம் அலகிடுதல் என்கிறது. செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு காண்பதற்கும் யாப்பில் அதே சொல்தான் வழங்குகிறது. ஆகவே, இந்தப் பலகைகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக அலகீட்டு மாற்றி என்பதையும், வரிகளின் வேகத்துக்கு அலகீட்டு வீதம் என்பதையும் முன்மொழிகிறேன். ஆனால் பொதுப்பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் முதன்மையான வாதம்.

முதல் வகைப் பலகை, வரும் வரி ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. 64 மைக்ரோவினாடியில் வந்த வரியை 32 மைக்ரோவினாடிக்கு ஒரு முறையாக இருமுறை வெளியிடுகிறது, 15.625 கிலோஹெர்ட்ஸ் 31.25 ஆகிறது. முழுப்படத்துக்காக அது காத்திருப்பதில்லை என்பதால் தாமதம் ஓரிரு வரிகளின் அளவே. படம் வரும் வீதத்தையும் அது தொடுவதில்லை: ஐரோப்பியக் கொமடோர் 64 வினாடிக்கு 50.12 படங்கள் தந்தால் திரைக்கும் அதே 50.12 தான் போகும், அதை ஏற்பதும் மறுப்பதும் திரையின் பொறுப்பு. ஓப்பன் சோர்ஸ் ஸ்கேன் கன்வர்ட்டர் என்னும் திறந்தநிலைக் கருவி இவ்வகையைச் சேர்ந்தது; அது ஒரு வரியை இரண்டு முதல் ஐந்து முறை வரை வெளியிடும்.

இதற்கு ‘வரிப்பெருக்கி’ என்ற பரிந்துரை வந்தது. பெருக்கி என்றவுடன் மின்னழுத்தத்தைக் கூட்டும் சுற்றுதான் மின்னணுவியல் படித்தவருக்கு நினைவில் எழும். ஒலிபெருக்கி அந்த வழக்கை உறுதியாக்கிவிட்டது. ‘வரி இரட்டிப்பான்’ என்றால் மூன்று, நான்கு மடங்குகளுக்கு இடமில்லை. நமக்கு வேண்டிய சொல் இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கிறது. ஒரே சொல் மாறாமல் மீண்டும் மீண்டும் வருவதை அடுக்கு என்கிறோம். ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கும் என்பது நன்னூல் விதி. ‘பாம்பு பாம்பு’ என்பதைப் போல ஒரே வரி அடுக்கி வருவதால் இதனை வரியடுக்கி என்று அழைக்கலாம். ஈரடுக்கு, மூவடுக்கு, நாலடுக்கு என்ற அடைகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. (ஐந்து முறை அடுக்கும் கருவியைப் பவணந்தியார் ஒப்புவாரா என்று கேட்காதீர்கள்.)

இரண்டாம் வகை, ஒரு முழுச் சட்டகத்தை, அதாவது திரையை நிரப்பும் ஒரு முழுப் படத்தை, நினைவில் எழுதிவைத்து, திரை கேட்கும் அளவுக்கும் வீதத்துக்கும் ஏற்ப வாசித்து அனுப்புகிறது. எந்தத் திரையும் மறுக்காத 60 ஹெர்ட்ஸ் படத்தை இது தர முடியும், விலையும் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் எழுதி 60 ஹெர்ட்ஸில் வாசிக்கும்போது ஐந்து படங்கள் ஆறாக நீள வேண்டும், ஆகவே வினாடிக்குப் பத்து முறை ஒரே படம் இரண்டாம் தடவை காட்டப்படுகிறது. பக்கவாட்டில் சீராக நகர வேண்டிய பின்னணி, தயங்கித் தயங்கி நகரும். எழுதி முடிப்பதற்குள் வாசிப்பு முந்திக்கொண்டால் படம் நடுவில் கிழிந்ததுபோலத் தெரியும். இதற்கு நான் முன்மொழிவது சட்டகமாற்றி.

வரி வைத்திருப்பது வரியடுக்கி, சட்டகம் வைத்திருப்பது சட்டகமாற்றி என்று இத்தோடு முடித்துவிடலாம் என்று தோன்றும். பிபிசி மைக்ரோவுக்காக முதலில் உருவாக்கப்பட்ட ஆர்ஜிபி-டு-ஹெச்டிஎம்ஐ என்னும் திறந்தநிலைப் பலகை அப்படி முடிக்க விடாது. ராஸ்பெரி பை சீரோவின் மேல் ஒரு சிறிய தர்க்கச் சில்லு அமர்ந்த எளிய அமைப்பு அது. முழுச் சட்டகத்தையும் நினைவில் கொள்கிறது. ஆனாலும் வெளியீட்டுக் கடிகாரத்தை நுணுக்கமாகச் சரிசெய்து, மூலக் கணினியின் வீதத்தோடு பூட்டிக்கொள்ள அதனால் முடியும். அவ்வாறு பூட்டியபின் மேலே சொன்ன தயக்கம் இல்லை. ஜிபிஎஸ்-8200 என்ற மலிவுப் பலகையிலும் இதே நிலைதான்: வாங்கியபடியே பயன்படுத்தினால் ஒரு நடத்தை, இஎஸ்பி8266 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லை இணைத்து ஜிபிஎஸ்-கன்ட்ரோல் என்ற மென்பொருளை ஓடவிட்டால், அதே பலகையில் அதே மையச் சில்லு வேறு விதமாக நடந்துகொள்கிறது. எனவே பெயர் பலகைக்கு உரியதன்று, அது அந்நேரம் செய்யும் வேலைக்கு உரியது. மூலத்தின் வீதத்தைப் பின்பற்றுவதைத் தொடர்வீதச் சட்டகமாற்றி என்றும், தனக்கென ஒரு வீதத்தை வைத்துக்கொள்வதைத் தனிவீதச் சட்டகமாற்றி என்றும் அடை சேர்த்துப் பிரிக்கலாம். வரியடுக்கிக்கு இந்த அடை வேண்டியதில்லை. அது இயல்பாகவே தொடர்வீதத்தில்தான் இயங்கும்.

மூன்றாவது வேலை அலகீட்டைத் தொடுவதே இல்லை, ஆனால் அதைத் தவறவிட்டால் பலகையே பழுதாகலாம். பிபிசி மைக்ரோவின் சிவப்பு, பச்சை, நீலக் கம்பிகள் 5 வோல்ட் தர்க்கச் சுற்றின் மட்டத்தில் இயங்குபவை. விஜிஏ வகை உள்ளீடு எதிர்பார்ப்பதோ 0.7 வோல்ட். இடையில் மின்தடைகள் கொண்டேனும் குறைத்தாக வேண்டும். இதற்கு மட்டமாற்றி என்ற பெயர் போதும். ஐபிஎம் கணினிகளுக்கு 1981-இல் வந்த சிஜிஏ என்னும் வண்ணக் காட்சி அட்டையில் இது மேலும் ஒரு படி போகிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிர்வு என நான்கு கம்பிகள், பதினாறு நிறங்கள். ஒளிர்வின்றிச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் முறைப்படி மங்கிய மஞ்சள்தான் வர வேண்டும். ஐபிஎம்மின் 5153 திரையில் இருந்த தனிச்சுற்று அந்த ஒரு நிறத்தில் மட்டும் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக்கியது. வெறும் மட்டமாற்றியைப் பொருத்தினால் மண்தரை எல்லாம் மஞ்சள் பூத்துவிடும். நிறக்குறிகளைப் புரிந்துகொண்டு மாற்றும் பலகையை நிறப்பெயர்ப்பி என்று வேறுபடுத்தலாம் என்பது என் எண்ணம். இதில் நான் பிடிவாதமாக இல்லை.

வரும் மின்குறியைக் குறித்த இடைவெளிகளில் அளந்தெடுப்பதற்கு மாதிரியெடுப்பு என்ற சொல்லை அனைவரும் ஏற்றுவிட்டதாகத் தெரிவதால் அதை விவாதிக்கவில்லை. அதன் பயன்பாட்டுக்கு மட்டும் ஒரு சான்று தருகிறேன். பிபிசி மைக்ரோவின் 640 புள்ளிக் காட்சிமுறையில், 40 மைக்ரோவினாடிக்குள் 640 படப்புள்ளிகள், அதாவது 16 மெகாஹெர்ட்ஸ். தொலைக்காட்சி வழியே எழுத்துப் பக்கங்களைத் தரும் தொலையுரைக்கான ஏழாம் காட்சிமுறையில் அதே 40 மைக்ரோவினாடிக்குள் 480 தான், 12 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்கு அமைத்த மாதிரியெடுப்பு மற்றதற்குப் பொருந்தாது. எழுத்தின் ஒரு கால் தடித்தும் அடுத்த கால் மெலிந்தும் நிற்கும். ஆர்ஜிபி-டு-ஹெச்டிஎம்ஐ இரண்டுக்கும் பொதுவான மடங்காகிய 96 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடி இதைத் தீர்க்கிறது. பள்ளிகளில் கணினியைக் கற்பிக்க 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியே நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கணினியும் பிபிசி மைக்ரோதான் என்பதால், எங்கேனும் ஒரு பெட்டியில் உறங்கும் ஒன்றை எழுப்ப நினைப்பவருக்கு இந்த வேறுபாடு உடனடியாகத் தேவைப்படும்.

கலைச்சொற்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. ‘உங்கள் திரை 50 ஹெர்ட்ஸை ஏற்குமானால் ஈரடுக்கு வரியடுக்கியைப் பயன்படுத்துங்கள், ஏற்காவிட்டால் தனிவீதச் சட்டகமாற்றியே வழி, பிபிசி மைக்ரோ என்றால் எதற்கும் முன்பு மட்டமாற்றியை இணையுங்கள்.’ இதை வாசிப்பவர் எதை வாங்குவது, எதை எதிர்பார்ப்பது என்று தயங்கமாட்டார். இதே அறிவுரையைக் ‘காணொளி மாற்றி’ என்ற ஒற்றைச் சொல்லால் எழுதிப் பார்க்குமாறு அதை முன்மொழிந்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு விடை கிட்டவில்லை. பழைய குழாய்த்திரையின் தோற்றத்தை வரவழைக்க, வரியடுக்கிகள் இரண்டு வரிகளுக்கு ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கித் தருகின்றன. ‘இடைவரி மங்கல்’ என்று எழுதினால் அது பழுதைக் குறிப்பதுபோல ஒலிக்கிறது. ‘வரிநிழல்’ என்றால் விளையாட்டில் வரும் நிழலோடு கலந்துவிடுகிறது. இதற்குப் பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் முன்வைக்க வேண்டுகிறேன்.