புதுப்பிப்பு: 181-க்குக் கூப்பிட்டேன்

போன மாதம் எழுதியிருந்தேன்: கல்லூரியில் என் துறை சீனியர் ஒருவன் என்னிடம் அத்துமீறினான், யாரிடம் போவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அன்று இரவே 181-க்கு, அதாவது பெண்கள் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டேன். மறுநாள் அறைத்தோழியோடு 'சகி' ஒன் ஸ்டாப் சென்டருக்குப் போனேன். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசு மையம் அது. அங்கிருந்த அக்கா முதலில் கேட்டது "சாப்பிட்டியாம்மா?" என்றுதான். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுத்தேன். நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். "பேசி முடிச்சுக்கலாமே" என்றார் துறையில் ஒருவர். அது இன்னும் ஆறவில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை அவனை என் லேப் பேட்சிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றிவிட்டார்கள்.

சிகிச்சைக்கு எஃப்ஐஆர் வேண்டுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். வேண்டாம்மா. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகப் பார்க்க வேண்டும். போலீசுக்கு அவர்கள் தகவல் சொல்வார்கள், அதையும் தெரிந்துகொண்டு போ. தனியாகப் போகாதே.

அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். இன்று காலை பஸ் ஏறிவிட்டார்.