சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

குழு: நம் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடும்பங்கள்
செவ்வாய், இரவு 8.10

கோமதி அக்கா: ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ரத்தம் எடுத்தார்களே, எல்லாருக்கும் முடிவு வந்துவிட்டதா? எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், தினமும் நடங்கள் என்று நர்ஸ் சொன்னார்.

சரவணன்: எனக்கும் அதே பாட்டுதான் அக்கா. கூடவே ரத்தக் கொதிப்பு இலவசம்.

அருள் அங்கிள்: (பலமுறை பகிரப்பட்டது) நம்மவர்கள் ஏன் நோயாளி ஆகிறார்கள்? ஒரே காரணம் சோம்பல்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

தர்ஷினி: அங்கிள், சோம்பல் என்றால் நாட்டில் பாதிப் பேர் சோம்பேறிகளா? 2023 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல்பருமன். நீரிழிவு 15.6 விழுக்காடு. 2019 ஆய்வில் இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு.

அருள் அங்கிள்: அதைத்தான் நானும் சொல்கிறேன். வாயைக் கட்டுவதில்லை, காலை அசைப்பதில்லை.

தர்ஷினி: வாய் விஷயத்தில் நான் வாதாட வரவில்லை, ரொட்டி சானாய் எனக்கும் பிடிக்கும். கால் விஷயம் வேறு. எங்கே அசைப்பது?

கோமதி அக்கா: அதானே. நர்ஸ் சொன்ன மறுநாளே கிளம்பினேன். நம் லோரோங் சந்து முனை தாண்டியதும் நடைபாதை முடிந்துவிட்டது. அப்புறம் பெரிய சாலை. லாரி போகிற காற்றில் முந்தானையைப் பிடிப்பதா, கால்வாயில் விழாமல் பார்ப்பதா? திரும்பி வந்துவிட்டேன்.

சரவணன்: தாமான் திடலில் சுற்றலாமே?

கோமதி அக்கா: மின்கோபுரத்துக்குக் கீழே இருக்கிற அந்தச் சரிவையா திடல் என்கிறாய் தம்பி? ஊஞ்சலுக்குச் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. லாலான் புல் முழங்கால் உயரம்.

தர்ஷினி: வீடமைப்புப் பகுதியில் பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. கணக்குக்கு விட்டிருக்கிறார்கள். வீடு கட்ட முடியாத மூலையைப் பார்த்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முனியாண்டி தாத்தா: (பேத்தி எழுதுகிறாள், தாத்தா சொல்கிறார்) எங்கள் தோட்டத்துக் காலத்தில் இனிப்புநீர் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்போம். ஒரு நிரைக்கு ஐந்நூறு ரப்பர் மரம் வரும். மேட்டில் ஏறி வெட்டி, திரும்ப அதே வழியில் பால் எடுத்து, வாளியைத் தோளில் போட்டு ஸ்டோருக்கு நடப்போம். கோயில், பள்ளிக்கூடம், கடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றியே. பிள்ளைகள் தானாகப் போய்த் தானாக வரும்.

புஷ்பா டீச்சர்: தாத்தா, மன்னிக்கணும். அந்த நடையைப் புகழ வேண்டாம். வேறு வழியில்லாமல் நடந்தீர்கள். என் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே முதுகு போய்விட்டது.

முனியாண்டி தாத்தா: அதுவும் உண்மைதான் டீச்சர். நடை நல்லது, சுமை கெட்டது என்று எழுதச் சொல்கிறேன்.

தர்ஷினி: தாத்தா சொன்னதை லண்டனில் ஒருவர் எண்ணியே காட்டினார். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், 1953-இல் வெளியிட்டது. இரட்டை மாடிப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கும் நடத்துநரோ நாளைக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். நடத்துநர்களுக்கு இதய நோய் ஓட்டுநர்களைவிடக் கணிசமாகக் குறைவு. அவர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கவில்லை. வேலையே நடக்க வைத்தது.

சரவணன்: நான் ஈப்போ வரை மோட்டாரில் போய், எட்டு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடியும் மோட்டாரில் வருகிறேன். இரண்டு பக்கமும் ஓட்டுநர்தான்.

அருள் அங்கிள்: பஸ்ஸில் போ.

சரவணன்: எந்த பஸ் அங்கிள்? நம் சாலையில் வந்துகொண்டிருந்த பஸ் நின்று எத்தனை வருஷம்! நிறுத்தக் கொட்டகையில் இப்போது பிசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) விற்கிறார்கள். நல்ல கோரெங், அது வேறு விஷயம்.

தர்ஷினி: பஸ் இருந்தால் நிறுத்தம் வரை போக ஒரு நடை, இறங்கி ஒரு நடை. கேட்காமலே கிடைக்கிற உடற்பயிற்சி அது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 111 நாடுகளில் ஏழு லட்சம் பேருக்கு மேல் கைப்பேசியில் பதிவான நடையை எண்ணிப் பார்த்தார்கள். ஹாங்காங்கில் நாளொன்றுக்குச் சராசரி 6,880 காலடி. நாம் 3,963. ஹாங்காங்காரன் நம்மைவிட ஒழுக்கசாலி என்றா நினைக்கிறீர்கள்? ரயில் இருக்கிறது, கடை வீட்டுக்குக் கீழே இருக்கிறது, கார் வைக்க இடமில்லை.

அருள் அங்கிள்: அங்கே வெயில் இப்படி இல்லை.

புஷ்பா டீச்சர்: சிங்கப்பூரில் இதே வெயில்தானே அங்கிள்? 2013-இல் ஒரு திட்டம் போட்டு, ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை கட்டினார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் பழைய கடைவீதியில் காக்கி லீமா, அதான் கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை, இருக்கிறதே. மழை, வெயில் எதுவும் படாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம். சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட விதியில் வந்த வழக்கம் அது. புதிய கடை வரிசைகளில் அதே காக்கி லீமாவில் மோட்டாரையும் மேசையையும் போட்டு அடைத்துவிடுகிறோம். சரி, நான் கேட்க வந்தது வேறு. பள்ளி வேன் கட்டணம் ஏறுகிறதாம், எல்லாருக்கும் செய்தி வந்ததா?

கோமதி அக்கா: வந்தது டீச்சர். இரண்டு பிள்ளைக்கு மாசம் இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். பள்ளிக்கூடம் என் அடுப்படி ஜன்னலில் தெரிகிறது! காலையில் தேசிய கீதம் நெகாராகு பாடுவது கேட்கிறது. ஆனால் சுவரும் கால்வாயும் குறுக்கே இருக்கின்றன. சாலை வழியாகச் சுற்றினால் இரண்டரைக் கிலோமீட்டர்.

தர்ஷினி: நேர்க்கோட்டில் எவ்வளவு தெரியுமா? படத்தில் அளந்தேன். 450 மீட்டர். பிள்ளை நடையில்கூடப் பத்து நிமிடத்துக்குள்.

தர்ஷினி: கோமதி அக்காவுக்கு ஒரு கணக்கு. காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்ப, மதியம் போய்க் கூட்டிவர. நாலு நடை, பத்துப் பத்து நிமிடம். ஐந்து நாளில் 200 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம். நர்ஸ் சொன்னது முடிந்தது, வேன் காசும் மிச்சம்.

சரவணன்: அந்தக் கால்வாயின் மேல் முன்பு ஒரு பலகை இருந்ததே.

முனியாண்டி தாத்தா: பலகையைப் போட்டதே நாங்கள்தான். இரண்டாம் கட்ட வீடுகள் வந்தபோது எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். நுழைவாயில் ஒன்றே போதும் என்றார்கள்.

அருள் அங்கிள்: இருங்கள். அந்தச் சுவர் என் வீட்டுக்குப் பின்னால். பலகை இருந்தபோது என் மோட்டார் திருடு போனது. அந்த வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவரை உடைப்பதென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோமதி அக்கா: நாங்கள் கைப்பை பறிகொடுத்தது பெரிய சாலையில் அண்ணே. நடமாட்டமே இல்லாத இடம் அது, கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

தர்ஷினி: அங்கிள் பயம் நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது. மோட்டார் திரும்ப முடியாதபடி கம்பிகளை மாற்றி மாற்றி நடலாம். ஆனால் சக்கர நாற்காலி போக வேண்டும், இல்லையென்றால் தாத்தாவுக்கு உதவாது. விளக்கும் வேண்டும். ஆட்கள் போய்வருகிற வழியில் திருடன் நிற்க யோசிப்பான்.

புஷ்பா டீச்சர்: பெரிய சாலையையும் விட்டுவிடாதே. இந்தப் பக்கம் வழி திறந்தாலும் எதிர்ப்புறத் தாமான் பிள்ளைகள் அதைக் கடந்துதான் வர வேண்டும். பள்ளிப் பகுதியில் 30 கிலோமீட்டர் என்று பலகை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? சாலை அவ்வளவு அகலமாக, நேராக இருந்தால் கால் தானாக அழுத்தும்.

தர்ஷினி: 50-இல் வரும் காரைவிட 65-இல் வரும் கார் மோதினால் நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பலகை போதாது டீச்சர், சாலையைக் குறுக்க வேண்டும், கடக்கும் இடத்தை மேடாக்க வேண்டும், நடுவில் நின்று போக ஒரு திட்டு வேண்டும்.

சரவணன்: மேம்பாலம் கேட்கலாமே?

முனியாண்டி தாத்தா: வேண்டாம். என் முழங்காலைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தர்ஷினி: இப்போது முக்கியமான விஷயம். நம் பகுதியின் வரைவு உள்ளூர்த் திட்டத்தைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி குறைந்தது நாலு வாரம் வைக்க வேண்டும், அதற்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். நேற்றுப் போய்ப் பார்த்தேன். நம் பக்கம் மீதமிருக்கிற செம்பனைக் காடு வீடமைப்புக்கு என்று வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. பெரிய சாலை ஆறு தடம். நடைவழி என்று ஒரு கோடுகூட இல்லை. இப்போது விட்டால் அந்தப் புதுத் தாமானுக்கும் ஒரே நுழைவாயில், சுற்றிலும் சுவர்தான்.

கோமதி அக்கா: எழுதிக் கொடுத்தால் படிப்பார்களா?

தர்ஷினி: கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று பதிவாகும்.

புஷ்பா டீச்சர்: மலாயில் நான் எழுதுகிறேன். கால்வாயின் மேல் சிறு பாலம், சுவரில் வழி, விளக்கு, பள்ளி முன் மேடான கடப்பு. திடலையும் சேர்க்கவா?

கோமதி அக்கா: ஊஞ்சல் பலகைக்கு இவ்வளவு பெரிய சட்டம் வேண்டாம் டீச்சர். அதைச் சரவணன் சனிக்கிழமை மாட்டுவான்.

சரவணன்: நானா?

அருள் அங்கிள்: விளக்கு முதலில் வர வேண்டும், அப்புறம்தான் வழி திறக்க வேண்டும். அந்த வரிசையில் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

புஷ்பா டீச்சர்: அப்படியே எழுதுகிறேன் அங்கிள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் மண்டபம். அடையாள அட்டை எண் கேட்பார்கள், எல்லாரும் கொண்டு வாருங்கள்.

முனியாண்டி தாத்தா: மண்டபத்துக்கு என்னை யார் காரில் கூட்டிப்போவது?

சரவணன்: நான் வருகிறேன் தாத்தா. ஊஞ்சல் பலகையையும் அதே காரில் ஏற்றிவிடலாம்.