அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் தம்பி முழங்கால் உறை அணியலாமா?

எழுவான்கரை (களுவாஞ்சிக்குடி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 19. இராணுவத்தில் சேரத் தெரிவாகியிருக்கிறான். இன்னும் இரண்டரை மாதத்தில் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். இந்த முடிவில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மனம் இருக்கவில்லை. ஆனாலும் அவன் உறுதியாக நிற்கிறான். போகிறவன் கால் முடமாகித் திரும்பக்கூடாது என்பதுதான் இப்போது எங்கள் எல்லோருடைய கவலையும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பந்து விளையாடி வந்தவன், தெரிவுக் கடிதம் வந்த மறுநாளே கடற்கரை மணலில் நாளொன்றுக்கு 6 கிலோமீற்றர் ஓடத் தொடங்கினான். மூன்றாவது வாரத்தில் வலது முழங்காலின் முன்பக்கத்தில், சில்லைச் சுற்றி நோவு வந்துவிட்டது. படி ஏறும்போது அவ்வளவாக இல்லை, இறங்கும்போதுதான் முகம் சுளிக்கிறான். மட்டக்களப்பு வரை பஸ்ஸில் காலை மடக்கியபடி இருந்துவிட்டு இறங்கினால் சில அடிகள் நொண்டுகிறான். வீக்கம் இல்லை. அம்மா இரவில் நாராயணத் தைலம் பூசிவிடுகிறார். அவனோ, ‘நீ கேப்’ (knee cap) என்று பாமசியில் விற்கும் கறுப்பு முழங்கால் உறையை வாங்கி வந்து, ஓடும்போதும் உறங்கும்போதும் கழற்றாமல் போட்டிருக்கிறான்.

பயிற்சியில் அதை அணிய விடுவார்களா? தொடர்ந்து அணிந்தால் தசை மெலிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? நோவைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் காற்சட்டைக்குள் மறைத்து அணியப்போவதாக அவன் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

படுவான்கரை (இயன்மருத்துவர்)

வணக்கம். காலைத் தொட்டுப் பார்க்காமல் இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் படி இறங்கும்போது நோவதும், நெடுநேரம் மடக்கி இருந்து எழும்பும்போது நோவதும், வீக்கம் இல்லாததும், முழங்காற் சில்லும் தொடையெலும்பும் உராயும் இடத்தில் சுமை திடீரென்று கூடியதால் வரும் நோவையே பெரும்பாலும் காட்டுகின்றன. ஓட்டக்காரர்களிடமும் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்பவர்களிடமும் இது மிகவும் சாதாரணம். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: வாரத்தில் ஒருநாள் ஓடிய கால், மறுநாளிலிருந்து தினமும் 6 கிலோமீற்றர். அதிலும் கடற்கரை ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடுகிறவனின் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே மிதிக்கும்.

உறையைப் பற்றி. அது உடம்பின் பாரத்தைத் தாங்குவதில்லை. மூட்டைச் சூடாக வைத்திருந்து, மெதுவாக அழுத்தி, முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வை மூளைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. சிலருக்கு அதனாலேயே நோவு குறைகிறது. ஓடும் ஒரு மணிநேரம் அணிவதால் தசை மெலியாது. நோவுக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் போடாமல் நடப்பதால்தான் தசை மெலியும். உறக்கத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை, இன்றிரவே கழற்றச் சொல்லுங்கள். சில்லுக்கு நேரே ஓட்டையும் அதைச் சுற்றி வளையமும் உள்ள உறை, சில்லு விலகுகிறவர்களுக்கானது. சில்லுக்குக் கீழே கட்டும் ஒடுங்கிய பட்டி, அந்த இடத்துத் தசைநாண் நோவுக்கானது. இரு பக்கமும் உலோகக் கீல் வைத்ததை, சவ்வு கிழிந்தவருக்கு வைத்திய நிபுணர் எழுதிக்கொடுத்தால் மட்டும் வாங்க வேண்டும். எதுவானாலும் இறுகக் கட்டக்கூடாது: முழங்காலின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், அதிகமானால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் போகும்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். தம்பியை ஒரு படியில் வலது காலால் மட்டும் நிற்கவைத்து, இடது குதிகாலை மெல்ல மெல்ல நிலத்தில் தொட்டு எடுக்கச் சொல்லி, முன்னால் இருந்து பாருங்கள். வலது முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்காமல் உள்பக்கம் சாய்ந்தால், தொடையிலும் இடுப்பின் பக்கத்திலும் வலு போதவில்லை. அதே படி இறங்குதலையும், அரைவாசி இருந்து எழும்புவதையும், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவதையும், குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் வாரத்தில் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் வலு கூடும். இரண்டரை மாதம் அதற்குப் போதும். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், பாடசாலை மைதானம் போன்ற சமதரையில் ஓடட்டும். ஓடும்போது இலேசாக நொந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் நோவு நீடித்தால் அளவு கூடிவிட்டது.

மூட்டு வீங்கினாலோ, மடங்கியபடி இறுகிக்கொண்டாலோ, நடக்கையில் கால் திடீரென்று கைவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். கணுக்கால் முதல் முழங்கால் வரை எலும்பை விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளியில் சுள்ளென்று நொந்தால், அல்லது இரவில் ஓய்விலும் நொந்தால், அது எலும்பில் விழுந்த நுண்ணிய வெடிப்பாக இருக்கலாம். அணிநடை முறிவு என்றே இதற்குப் பழைய பெயர் உண்டு. நெடுந்தூரம் அணிநடை போன பிரசியப் படைவீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதை அவர்களது இராணுவ வைத்தியர் 1855ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். இந்த வெடிப்பு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்றேயில் தெரியாமல் இருக்கக்கூடும். ஆகவே படம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஓடவிட வேண்டாம்.

கல்லோயா (அம்பாறை)

நான் 22 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். பயிற்சி நிலையத்தின் வைத்திய அதிகாரி எழுதிக்கொடுத்தால் அணியலாம், தானாக அணிந்தால் ஆசிரியர்கள் கழற்றச் சொல்வார்கள். அது கொடுமையினால் அல்ல. ஏன் அணிகிறான் என்று தெரியாமல் ஒருவனைச் சுமையோடு ஓடவிடும் பொறுப்பை அவர்கள் ஏற்கமாட்டார்கள்.

அணிநடையில் தொடையை இடுப்பளவு உயர்த்திக் காலை ஓங்கி அடிக்க வேண்டும், அந்த அதிர்ச்சியை எந்த உறையும் உறிஞ்சாது. தவழ்ந்து போகும் பயிற்சியில் உறை சுருண்டு முழங்காலுக்குப் பின்னால் கயிறுபோல் இறுகும். அதற்குள் புகுந்த பருமணல் வியர்வையோடு சேர்ந்து அரத்தாள்போலத் தோலைத் தேய்த்துவிடும். முழந்தாளிட்டுச் சுடும் நிலையில் அந்த இடத்தையே கல்லில் ஊன்ற வேண்டி வரும்.

என் அணியில் ஒருவன் உங்கள் தம்பி நினைப்பதுபோலவே மறைத்தான். இரண்டு முழங்காலிலும் உறை, அதன் மேல் காற்சட்டை, பக்கத்துக் கட்டிலில் படுத்த எனக்குக்கூடச் சொல்லவில்லை. ஆறாவது வாரம் ஓட்டத்தின் நடுவில் குந்திவிட்டான், கீழ்க்காலெலும்பு வெடித்திருந்தது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சில நாள் இலகு வேலையோடு முடிந்திருக்கும், சொல்லாததால் மாதக்கணக்கில் படுத்து அடுத்த தொகுதியோடு முதலிலிருந்து தொடங்கினான். வைத்தியப் பரிசோதனையில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். பூட்ஸையும் கேட்டு, சரியான அளவில் வாங்க வேண்டும். ஒரு அளவு பெரிதாக வந்ததை வெட்கத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு நொந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

நான் பொலிஸ் தெரிவுக்காக ஓடிப் பழகிய காலத்தில் இதே உறையை அணிந்தவள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குள் வியர்வை தேங்கி வேர்க்குரு போட்டு, பின்பு அதுவே படையாகப் பரவியது. அணிவதென்றால் ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு மறுபடி போட வேண்டாம். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன்: யாரிடமும் கேட்காமல் டைக்குளோபெனாக் என்ற நோவு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். நோவு தெரியாததால் தூரத்தைக் கூட்டினேன், பத்தாம் நாள் முழங்கால் வீங்கி, வயிற்றெரிச்சலும் சேர்ந்து, தெரிவு நாளன்று வீட்டில் படுத்திருந்தேன். தம்பியின் பையில் மாத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அக்காவாகச் சொல்கிறேன்.

எழுவான்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படிச் சோதனை செய்தோம். வலது முழங்கால் உள்ளே சாய்வதை அலுமாரிக் கண்ணாடியில் அவனே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். இரவு உறையைத் தானாகவே கழற்றிவைத்தான். எலும்பில் அழுத்திப் பார்த்தோம், புள்ளி நோவு இல்லை. பையில் மாத்திரை இருந்தது, எடுத்துவிட்டேன் அக்கா. செவ்வாய்க்கிழமை ஆதார வைத்தியசாலைக்குப் போகிறோம். ஒரேயொரு கேள்வி மிச்சம். அவன் நல்லபடியாகப் போய்வர வேண்டுமென்று அம்மா நேர்த்தி வைத்திருக்கிறார். உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் கூட்டத்தோடு அவனும் போக வேண்டுமாம். விடலாமா?

படுவான்கரை

நடப்பது ஓடுவதைவிடச் சில்லுக்கு மிகக் குறைந்த சுமைதான், ஆனால் அது பல நாள் நடை, மணலும் வெயிலும் முதுகில் சுமையும் உண்டு. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு மணிநேரம் நடந்துவிட்டு மறுநாள் படி இறங்கிப் பார்க்கட்டும். நோவு கூடாவிட்டால் போகலாம். அரிசியும் தண்ணீரும் மற்றவர்கள் சுமக்கட்டும், கையில் ஒரு தடி இருக்கட்டும், நோவுள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்லுங்கள். நோவு கூடினால் இந்த ஆண்டு அம்மா முன்னே போய்வரட்டும், அவன் பயிற்சி முடித்து வந்து நடக்கட்டும். செவ்வாய்க்கிழமை அவன் ஓடப் பாவித்த பழைய சப்பாத்தையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.